இருமுறை போட்ட முதல் ஊசி

பெரியவர்கள் தாமாகவே நாள் கேட்டு வந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு வரிசையில் நின்று தடுப்பூசி போட்டுக்கொள்ளும் காட்சியை நான் ஓய்வுபெற்ற பின்னரே கண்டேன். என் பணிக்காலத்தில் அது நிகழ்ந்திருந்தால் எனக்கு மிதிவண்டிச் சக்கரங்கள் மிச்சமாகியிருக்கும். இப்போது பணியில் உள்ள சுகாதார ஆய்வாளர் சிலர், "அந்தக் காலத்தில் பெரியவர்களை எப்படி ஐயா இணங்க வைத்தீர்கள்?" என்று கேட்டனர். நாங்கள் இணங்க வைத்தோம் என்று அவர்கள் கருதுவதே எங்களுக்குப் பெருமை. ஆகவே அந்தப் பெருமையைக் கெடுக்கும் சில செய்திகளை எழுதிவைக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அம்மை குத்துபவனாகப் பணியில் சேர்ந்தேன். பயிற்சி சேலத்தில் நடந்தது. உறுப்புகளின் பெயர்களைக் கற்றோம். ஊசியைக் கொதிநீரில் இடக் கற்றோம். மறுப்பவரிடம் எவ்வாறு பேசுவது என்பதைக் கற்பிக்க வேண்டியவர் பயிற்சிக் காலம் முழுவதும் விடுப்பில் இருந்தார். அந்தப் பாடத்தை ஆட்டையாம்பட்டியில் ஒரு நெசவாளர் எனக்கு நடத்தினார்.

அவர் நாற்பதைக் கடந்தவர். சிறுவயதில் அம்மை குத்திக்கொள்ளாதவர். தறிக்குழியை விட்டு எழாமலே பேசினார். "வலக்கை கயிறு இழுக்கறதுங்க. எடக்கை பலகை தள்றதுங்க. ரெண்டுல எது சும்மா இருக்குதுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க சாமி" என்றார். நின்று பார்த்தேன். எதுவும் சும்மா இல்லை. தொடையில் குத்தலாமா என்று கேட்டேன். கால்கள் மிதிகட்டையில் இருப்பதைச் சுட்டினார். உள்ளேயிருந்து அவர் மனைவி, "வாய் ஒண்ணுதான் சும்மா இருக்குது. அதுல போட்டுட்டுப் போங்க" என்றார். தறி ஓடாத அமாவாசை நாளில் மறுபடியும் சென்று இடக்கையில் குத்தினேன். அம்மைக் குத்து அடுத்த வாரந்தான் வீங்கி வலிக்கும் என்பதை அவர் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை.

பின்னர்ச் சுகாதார ஆய்வாளனாகப் பதவி உயர்வு பெற்றுச் சங்ககிரிப் பக்கம் இருந்தபோது, வாந்திபேதித் தடுப்பூசிச் சான்று இல்லாத சரக்குந்து ஓட்டுநர்களை வடக்கே வழியில் நிறுத்துகிறார்கள் என்றொரு பேச்சு பரவியது. அதுவரை எங்களைக் கண்டு வண்டியைப் பின்னோக்கி ஓட்டியவர்கள் எங்களைத் தேடி வந்தார்கள். ஓட்டுநர் ஒருவர் காலையில் ஒரு பெயரிலும் பிற்பகலில் வேறொரு பெயரிலும் வந்து நின்றார். காலையில் போட்ட ஊசியின் வீக்கத்தை அவர் கையில் பார்த்து நான் வினவ, "அவன் நம்ம கூட்டாளிங்க. ஊசின்னா மயக்கம் போட்டு உழுந்துருவான். எனக்கு அந்தப் பயம் கெடையாதுங்க" என்றார். நட்புக்கு இலக்கணமாக அவரைச் சொல்லலாம். அன்று மாலை அவருக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. கூட்டாளி சான்றுடன் வடக்கே போய்விட்டார்.

இனி நான் சொல்ல விரும்பும் செய்திக்கு வருகிறேன். எண்பதுகளின் நடுவில், இராசிபுரத்திலிருந்து நாமக்கல் செல்லும் சாலையை ஒட்டிய ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு மாற்றப்பட்டேன். பொறுப்பு மருத்துவராக இருந்தவர் கோமதி அம்மையார். குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை. எந்தச் செய்தியைக் கொண்டுபோனாலும் முதலில் ஒரே வினாவைக் கேட்பார்: "பாத்ததா, கேட்டதா?" கேட்டது என்றால், போய்ப் பார்த்து வரச் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியை அழைத்துவிடுவார். இதனால் நிலையத்தில் வம்புப் பேச்சு அறவே ஒழிந்தது. அனைவருக்கும் சற்று வருத்தந்தான்.

பீச்சுகுழல்கள் அப்போது கண்ணாடியால் ஆனவை. குழல், தண்டு, ஊசி மூன்றையும் தனித்தனியே கழற்றித் துணியில் சுற்றி நீரில் இட வேண்டும். நீர் குமிழியிட்டுக் கொதிக்கத் தொடங்கிய பிறகே நேரத்தைக் கணக்கிட வேண்டும்; அடுப்பு மூட்டிய கணத்திலிருந்து கணக்கிடும் வழக்கத்தை அம்மையார் ஒரே நாளில் நிறுத்தினார். மருந்துக் குப்பியை எடுத்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்வார்.

அம்மையார் வந்த ஆண்டில் பெருமாள் என்பவர் இறந்தார். கோழிப்பண்ணைகளுக்குக் கம்பிக் கூண்டு முடையும் தொழிலாளி. கம்பி கையில் கிழித்த புண்ணை அவர் பொருட்படுத்தவில்லை. பிறகு வாய் திறக்கவில்லை. உடல் வில்லாக வளைந்தது. முகத்தில் சிரிப்புப் போன்ற ஒன்று உறைந்து நின்றது. இரணசன்னி. சேலத்திற்குக் கொண்டு சென்றும் பிழைக்கவில்லை. கைக்குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் அந்நோய்க்கான தடுப்பூசியை நாங்கள் போட்டு வந்தோம். வளர்ந்த ஆடவர்க்கும் கருவுறாத பெண்டிர்க்கும் காயம் பட்டால் ஓர் ஊசி, அதோடு சரி. மண்ணிலும் எருவிலும் கம்பியிலும் பிழைப்போர் அனைவருக்கும் மூன்று ஊசியும் முறையாகப் போட வேண்டும் என்று அம்மையார் முடிவு செய்தார். முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, அரையாண்டு கழித்து மூன்றாவது. சிறுவயதில் விடுபட்டதை ஈடு செய்வது என்று அதற்குப் பெயர்.

பெருமாள் கூண்டு முடைந்த பண்ணையிலேயே தொடங்கினோம். உரிமையாளர் அர்த்தநாரி என்பவர். தலைமுறை தலைமுறையாக அங்கே நிலம் வைத்திருந்த குடும்பம். வேலையாள்கள் அவரைப் 'பண்ணாடி' என்று அழைப்பர். கோழிகளுக்குத் தடுப்பு மருந்து போடுவதில் அவர் ஒரு நாளும் தவறியதில்லை. எங்கள் நிலையத்துக் குளிர்ப்பெட்டி பழுதாகி, அதற்கான உறுப்பு சேலத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. வந்துகொண்டே இருந்தது என்று சொல்வது இன்னும் பொருந்தும். அர்த்தநாரியிடம் பெரிய குளிர்ப்பெட்டி ஒன்று இருந்தது. மின்சாரம் நின்றால் ஓடுவதற்கு மின்னாக்கியும் இருந்தது. மருந்தைத் தம் பண்ணையிலேயே வைத்துக்கொள்ள அவரே முன்வந்தார். "கீழ்த்தட்டுல வையுங்க. மேலே ஐஸ் அறையில வெக்கக் கூடாது, உறைஞ்சா கெட்டுரும்" என்று அம்மையார் சொன்னார். நானும் சொன்னேன். அவர் இருமுறையும் தலையசைத்தார்.

முதல் ஊசி நாளன்று முட்டை பிரிக்கும் கொட்டகையில் கூடினோம். சின்னான் என்ற முதிய வேலையாள் முதலில் ஐயத்தைக் கிளப்பினார்.

"ஏனுங்க டாக்டரம்மா, கோழிக்கெல்லாம் தண்ணியில கலந்து ஊத்தறாங்க. அதுக குடிச்சுப்போட்டுப் போகுதுக. எங்களுக்கு மட்டும் ஏனுங்க குத்தோணும்?"

"தண்ணியில கலந்தா உங்களுக்கு வயித்துலயே செரிச்சுப்போகும்."

"செரிக்கறது நல்லதுதானுங்களே?"

கூட்டம் சிரித்தது. அர்த்தநாரி தம் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு முன்னே வந்து அமர்ந்தார். பண்ணாடி போட்டுக்கொண்ட பிறகு மற்றவர்கள் மறுக்க வழியில்லை. எருவள்ளும் பாவாயி என்ற பெண் மட்டும், "வலிச்சா நாளைக்கு எரு அள்ள மாட்டேன், இப்பவே சொல்லிப்புட்டேன்" என்று முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுக் கையை நீட்டினார்.

இரண்டாம் ஊசிக்கு உரிய வாரத்தில், எஞ்சிய குப்பிகளைப் பார்த்துவரச் சென்றேன். வழக்கமாக எங்கள் வண்டியில் போவோம். அன்று வண்டி வேறொரு ஊருக்குப் போயிருந்தபடியால் பேருந்தில் இறங்கி நடந்து போனேன். அர்த்தநாரி எதிர்பார்க்கவில்லை. குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் மோர்ச் செம்பு ஒன்று இருந்தது. எங்கள் குப்பிகள் மேலே உறைபனி அறையில் கோழி மருந்தோடு வரிசையாக நின்றன. ஒன்றைத் தொட்டேன். கல்.

"மேலே ஏன் வைத்தீர்கள்?" என்று கேட்டேன்.

"கீழ அநாதையாட்டக் கெடந்துச்சுங்க. எனக்கு மனசு கேக்கலீங்க."

"கூடாது என்று இருவரும் சொன்னோமே?"

"சொன்னீங்க. ஒரம்பரை ஊட்டுக்கு வந்தா, கட்டல் வேண்டாம், கீழயே படுத்துக்கறேன்னு சொல்லத்தான் செய்வாங்க. அதுக்குன்னு கீழ படுக்க வெச்சிருவமுங்களா? என் கோழி மருந்தை எடத்தவுட்டு நகத்தக் கூச்சப்பட்டு நீங்க அப்புடிச் சொல்றீங்கன்னு நெனச்சனுங்க."

ஒரம்பரை என்பது உறவும் விருந்தும். எங்கள் மருந்துக்கு அவர் விருந்தோம்பல் செய்திருக்கிறார். கோழிகளுக்கான மருந்தை எவ்வளவு குளிரில் வைத்தாலும் அதற்கு நன்மையே. அந்த அனுபவத்தில் எங்கள் அறிவுரையை நாகரிகமான மறுப்பு என்று எடுத்துக்கொண்டார்.

"முதல் ஊசிக்கு முன்பும் மேலேதான் இருந்ததா?"

"வந்த நாளே வெச்சனுங்க. ஊசி போடறதுக்கு முந்தின ராத்திரி கீழ எறக்கிருவேன். நீங்க சொன்ன எடத்துல இல்லீன்னா உங்க மனசு சங்கடப்படுமல்லங்க?"

நிலையத்திற்குத் திரும்பிச் செய்தியைச் சொன்னேன். "பாத்ததா, கேட்டதா?" என்றார் அம்மையார். மேலே இருந்ததைப் பார்த்தது, முதல் ஊசிக்கு முன்பும் அவ்வாறே இருந்ததைக் கேட்டது என்று பிரித்துச் சொன்னேன். வண்டி வந்ததும் இராசிபுரம் மருத்துவமனைக்குச் சென்று, பனிக்கட்டி இட்ட பெட்டியில் புதிய குப்பிகளை வாங்கிக்கொண்டு அன்று பிற்பகலே பண்ணைக்குப் போனோம்.

அர்த்தநாரியிடம் அம்மையார் சினக்கவில்லை. உறைந்த குப்பி ஒன்றை உருக வைத்தார். அதையும் புதிய குப்பியையும் ஒருசேரக் குலுக்கி முட்டை பிரிக்கும் மேசைமேல் வைத்தார். குலுக்கியவுடன் இரண்டும் ஒரே வகையில் வெண்மையாகக் கலங்கித்தான் தெரிந்தன. ஊசி போடும் விரைவில் வேறுபாடு புலப்படாது. நாங்கள் காத்திருந்தோம். புதியது கலங்கியபடியே நின்றது. மற்றதில் துகள்கள் திரண்டு அடியில் இறங்கின; மேலே நீர் தெளிந்தது.

அர்த்தநாரி குனிந்து பார்த்தார். "பால் திரிஞ்சாப்புல இருக்குதுங்க" என்றார். பிறகு, "அப்ப அன்னைக்குப் போட்டது?" என்றார்.

"போட்டதா வெச்சுக்க முடியாது. எல்லாருக்கும் முதல் ஊசியில இருந்து ஆரம்பிக்கணும். உங்களுக்கும். அன்னையில இருந்து இங்க யாருக்காவது காயம் பட்டுதா?"

"இல்லீங்க. பட்டிருந்தா எனக்குச் சொல்லியிருப்பாங்க."

அது கேட்டதுகூட இல்லை என்பதால் அம்மையார் அனைவரையும் வரவழைத்துக் கை கால்களைப் பார்க்கத் தொடங்கினார். பாவாயியின் குதிகாலில் கந்தைத் துணி சுற்றியிருந்தது. அவிழ்த்தால் சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்த பற்று. அதன் கீழே ஆழமாக ஒரு துளை. எருக்குழியருகே கிடந்த பலகையின் ஆணி ஏறி நாள்கள் ஆகியிருந்தன.

"ஏன்மா யாருகிட்டயும் சொல்லல?"

"எதுக்குச் சொல்லோணும்? அதான் ஊசி போட்டாச்சே. நீங்கதானே, ஆணி குத்துனாலும் பயமில்லீன்னு சொன்னீங்க."

அம்மையார் சற்று நேரம் அந்தக் குதிகாலைக் கையிலேயே வைத்திருந்தார். எங்கள் பேச்சை நம்பி ஒருத்தி புண்ணை மறைத்திருக்கிறாள். ஊசியே போடாதிருந்தால் பெருமாளை நினைத்து அஞ்சியாவது ஓடி வந்திருப்பாள். பாவாயியை உடனே நிலையத்தில் சேர்த்து, புண்ணைக் கீறித் தூய்மை செய்து, நச்சு முறிக்கும் சீரம் செலுத்த வேண்டும். அதன் பின்னும் சில நாள் கண்காணிக்க வேண்டும். பாவாயி வர மறுத்தார்.

அர்த்தநாரி இடையிட்டு, "போய்ட்டு வா பாவாயி. வேலைக்கு வராட்டியும் கூலி தாரேன்" என்றார். அதுவே கேடாக முடிந்தது.

"பண்ணாடி சும்மா கூலி தாரேன்றாங்களா? அப்ப எனக்கு என்னமோ பெருசா வந்திருக்குது. பெருமாளையும் இப்புடித்தான் நல்ல வார்த்தை சொல்லி வண்டியில ஏத்துனீங்க. நான் செத்தா எம் பிள்ளைக மொகத்தப் பாத்துக்கிட்டே எம் ஊட்டுலயே சாகறேன்" என்று துணியை மறுபடி சுற்றத் தொடங்கினார்.

அர்த்தநாரி எங்களைத் தனியே அழைத்தார். "டாக்டரம்மா, ஒரு வழி இருக்குதுங்க. இன்னிக்குப் போடறதை ரெண்டாவது ஊசின்னே சொல்லிருவம். அதுக்கு மேல ஆரும் கேக்கப் போறதில்லை. பாவாயிக்கு வேற ஏதாச்சும் நோவுன்னு சொல்லிக்குங்க. நான் பண்ணுன தப்பு ஆளுக காதுல உழுந்துச்சுன்னா நாளைக்கு என்ற பேச்ச எந்தக் கழுதை கேக்கும்?"

ஆட்டையாம்பட்டி அமாவாசை முறையில் பழகிய எனக்கு அது தகுந்த வழியாகவே தோன்றியது. அம்மையாரைப் பார்த்தேன்.

"நீங்க சொல்றபடி செஞ்சா, மூணாவதோட முடிஞ்சுதுன்னு நெனப்பாங்க. உண்மையில ரெண்டுதான் ஏறியிருக்கும்" என்றார் அவர். "அது பொறகு. பாவாயிக்கு இன்னிக்கு உண்மை தெரியணும். இல்லன்னா வர மாட்டாங்க. நான் சொன்னா, மருந்தைக் கெடுத்துட்டு இப்ப வந்து மழுப்பறாங்கம்பாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

"சொல்லலீன்னா?"

"அந்தப் புண்ணுக்குள்ள ஏற்கெனவே நாள் ஓடிக்கிட்டு இருக்குங்க."

அர்த்தநாரி வெற்றிலையைத் துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்தார். நல்ல காரியம் பேசும் முன் அவ்வாறு செய்வது அவர் வழக்கம். பிறகு கொட்டகைக்குள் சென்று நின்றார்.

"அல்லாரும் கேளுங்க. அன்னிக்கு நமக்குப் போட்ட ஊசி வெறுந்தண்ணி. டாக்டரம்மா மேல தப்பில்லை. கீழ வெய்யின்னாங்க, நாந்தான் மேல வெச்சேன். கோழி மருந்தாட்டம்னு நெனச்சுட்டேன். உங்களையும் கோழின்னு நெனச்சுட்டேன்."

கொட்டகைக்கு அப்பால் கோழிகள் கொக்கரித்தன. சின்னான்தான் வாய் திறந்தார்.

"இல்லீங்க பண்ணாடி. கோழின்னு நெனச்சிருந்தா நல்லாவே பாத்திருப்பீங்க."

யாரும் சிரிக்கவில்லை. அர்த்தநாரி துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பாவாயி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அம்மையாரிடம் திரும்பினார்.

"பெருமாளுக்கு வந்தது எனக்கு வருமா?"

"வரலாம். வராம இருக்கத்தான் கூப்பிடறேன்."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று நொண்டிக்கொண்டே போய் வண்டியில் ஏறி அமர்ந்தார்.

சீரம் குதிரைக் குருதியிலிருந்து எடுக்கப்படுவது. ஒவ்வாதவருக்கு அதுவே எமனாகும். ஆகவே தோலின் அடியில் ஒரு துளி செலுத்தி, மாற்று மருந்தைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் அம்மையார் அருகிலேயே அமர்ந்திருந்தார். தடிப்போ மூச்சுத் திணறலோ இல்லை. பிறகு முழு அளவையும் செலுத்தினார். தடுப்பூசியை வேறொரு குழலால் மற்றக் கையில் போட்டார். அன்று மாலையே நான் பண்ணைக்குத் திரும்பி, மற்றவர் அனைவருக்கும் முதல் ஊசியை இரண்டாம் முறையாகப் போட்டேன். ஒருவரும் மறுக்கவில்லை. எங்கள்பால் மதிப்பு உயர்ந்ததால் என்று சொல்ல மாட்டேன்; பண்ணாடி மறுபடியும் குத்துப்படுவதைப் பார்க்க அனைவருக்கும் விருப்பம் இருந்தது.

நிலையத்தில் பாவாயியின் படுக்கையருகே காலையும் மாலையும் ஒரே சோதனைதான். "வாயைத் திறங்க." திறப்பார். "இன்னும்." திறப்பார். "இதென்னுங்க, சந்தையில மாடு பிடிக்கறாப்புல பல்லுப் பாக்கறீங்க" என்று கடிந்துகொள்வார். அந்த நோய் தாடையில் தொடங்கும் என்பதை அம்மையார் மறைக்காமல் சொல்லியிருந்தார். அதனால் ஆளில்லாத வேளையில் பாவாயி தாமே வாயைத் திறந்து மூடிப் பார்த்துக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன்.

ஒரு நாள் காலை அவர் வாயைத் திறக்கும்போது முகம் சுளித்தார். "வலிக்குதுங்க" என்றார். "காதுக்குக் கீழ. ரெண்டு பக்கமும்."

அம்மையாரின் விரல்கள் அவர் தாடையில் நின்றன. சேலத்திற்கு வண்டியை ஆயத்தம் செய்ய என்னிடம் கண்காட்டினார். பாவாயி அதைப் பார்த்துவிட்டார். கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "எம் பெரியவளுக்குச் சொல்லி அனுப்புங்க" என்று மட்டும் சொன்னார். கழுத்தை வளைத்தும் வயிற்றை அழுத்தியும் பார்த்த அம்மையார், விறைப்பு எங்கும் இல்லாததைக் கண்டு நிதானித்தார்.

"நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"

"பண்ணாடி ஊட்டுல இருந்து கோழிக்கொழம்பு குடுத்து உட்டாங்க."

"எந்தக் கோழி?"

பாவாயி யோசித்தார். முட்டையிட்டு ஓய்ந்து பண்ணையிலிருந்து கழிக்கப்பட்ட கோழி. அதன் கறியை வேகவைப்பதற்கு விறகும் மெல்லுவதற்கு வயதும் போதா. நள்ளிரவுவரை மென்றதாக அவரே ஒப்புக்கொண்டார். அம்மையார் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். பணி நேரத்தில் அவர் அவ்வாறு உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன். ஆயினும் வண்டியை அன்று முழுவதும் வாயிலிலேயே நிறுத்தி வைத்தார். மாலைக்குள் வலி தணிந்தது.

ஆபத்தான நாள்கள் கழிந்து, வீட்டுக்கு அனுப்பலாமா என்று அம்மையார் எண்ணிக்கொண்டிருந்த காலையில் அர்த்தநாரி வந்தார். கையில் மறுபடியும் தூக்குப்பாத்திரம். கட்டிலுக்குச் சற்றுத் தள்ளி நின்று, "எப்புடி இருக்குது பாவாயி?" என்று கேட்டார்.

பாவாயி எழுந்து உட்கார்ந்தார். தூக்குப்பாத்திரத்தைப் பார்த்தார்.

"ஓஞ்சுபோன கோழியக் கொழம்பு வெச்சு எனக்கு அனுப்பிச்சீங்களே பண்ணாடி, உங்களுக்கு மனசாட்சி இருக்குதா? சாவு வந்துருச்சுன்னு கட்டலப் புடிச்சுக்கிட்டு ஒரு பொழுது பூரா கெடந்தேன். கோழிக்குக் கொசுவலை கட்டறீங்க, எருக்குழியில கெடக்கற ஆணிப் பலகைய எடுத்துப் போட ஒரு ஆளச் சொல்ல முடியலையா? எத்தன வாட்டி சொல்லியிருப்பேன்? காதுல வாங்குனீங்களா?" என்று தொடங்கியவர் நிறுத்தவில்லை. செருப்பு வாங்கித் தராதது, எரு வண்டி பழுதானது, பெருமாள் பெண்டாட்டியை ஒரு தரம்கூடப் போய்ப் பார்க்காதது என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அதுவரை அவர் பண்ணாடிமுன் நிமிர்ந்து நாலு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. அடுத்த கட்டிலில் இருந்தவர்களும் எழுந்து உட்கார்ந்து கேட்டார்கள்.

அர்த்தநாரி தலைகுனிந்து நின்றார். "சரி பாவாயி, சரி" என்றார். பின்பு உதவி வேண்டுபவர்போல அம்மையாரைப் பார்த்து, "டாக்டரம்மா, போதுமுங்களா?" என்றார்.

அம்மையார் பாவாயியின் தாடையையே கவனித்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் பேசட்டுங்க" என்றார். "முழுசாத் திறக்குதான்னு பாக்கணும்."